குடைக்காரி யாரிடம் பேசினாள்

அத்தியாயம் 14

போன வாரம் மாப்பிள்ளையைத் தர்மசங்கடத்தில் நிறுத்திவிட்டு வந்தோம்.

வார இதழ் ஒன்றில் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது அவன் பிழைப்பு. புதிதாக வந்திருக்கும் ‘நாலாவது பாலம்’ என்ற விளையாட்டோடு ஐந்து நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முழு நகரத்தைக் கையில் கொடுத்து, இங்கே திருடலாம், சுடலாம், சும்மாவும் சுற்றலாம், உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிற குற்ற விளையாட்டு. நேற்று சாயங்காலம் திருட்டுக் காரை வேகமாக வளைத்தவன் நடைபாதையில் ஏற்றிவிட்டான். குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் தூக்கி எறியப்பட்டாள். அவள் போட்ட ‘ஐயோ அம்மா’ சாட்சாத் அவன் மாமியாரின் குரல்.

மாமியாரோ அடுத்த அறையில் முழங்காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அவர் டப்பிங் கலைஞர். ஒன்பது வருஷம் ஓடிய ஒரு டி.வி. தொடரில் நாயகிக்குக் குரல் கொடுத்தவர். முகம் யாருக்கும் தெரியாது, வாயைத் திறந்தால் கடைக்காரர் முதல் டாக்டர் வரை திரும்பிப் பார்ப்பார்கள். தொடர் முடிந்து மூன்று வருஷமாகிறது. கணவர் காலமாகி ஐந்து வருஷம். முழங்கால் சிகிச்சைக்காக இரண்டு மாதமாக மகள் வீட்டில் தங்கியிருக்கிறார்.

கேட்டது நிஜமா பிரமையா என்று குழம்பிப் படுத்தவனுக்குப் பொழுது விடிந்ததும் பதில் கிடைத்தது.

"மாப்பிள்ளை, நேத்து என்னை எத்தனை தடவை கொன்னீங்க?" என்று கேட்டார் அத்தை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

அவனுக்கு டீ புரையேறியது.

"சுவர் மெல்லிசு. என் குரல் எனக்குத் தெரியாதா?"

"மூணு தடவை அத்தை. ரெண்டு தெரியாம."

"மூணாவது?"

"நீங்கதானான்னு உறுதி பண்ணிக்க."

எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது. விளக்கிச் சொன்னதும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா கார் மோதி விழுவதை உடனே பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

"நாலு நாள் ரெக்கார்டிங்" என்றார் அத்தை. "விழறது, எரியறது, தண்ணில முங்கறது, கார் லேசா இடிக்கறது, பலமா இடிக்கறது. தொண்ணூத்தாறு விதமா அலறினேன். பக்கத்து ரூம்ல வேற படத்துக்குப் பேச வந்தவங்க கதவைத் தட்டி, அம்மா நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"கேம் வெளிய வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க பாப்பா."

இருபத்தொன்பது வயதாகியும் அவள் அம்மாவுக்குப் பாப்பாதான். கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிறவள். நோயாளியிடம் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எந்தச் சண்டையிலும் அதே கேள்விதான் வரும். கணவனைத் தனியாக இருக்கும்போது ‘நீ’ என்பாள், அம்மா எதிரில் ‘நீங்க.’

"ஒன்பது வருஷம் நாயகியாப் பேசின குரல். அதைப் போய் இப்படி அலற விட்டுட்டாங்களே" என்று எழுந்துகொண்டாள். "இந்தக் குரலைப் பார்த்துப் பொறுக்காமத்தானே சின்னு சித்தி வீட்டை விட்டே போனாங்க. இப்ப இதைக் கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"பழசெல்லாம் எதுக்கு இப்ப? நேரமாச்சு, கிளம்பு" என்றார் அத்தை. குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

சின்னு சித்தி அத்தையின் தங்கை. அவளும் டப்பிங் பேசியவள்தானாம். மாப்பிள்ளை அவளைப் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

மனைவி கிளம்பிப் போனாள். அன்று மாலை நாலு மணிக்குள் விமர்சனம் இதழின் ஆசிரியைக்குப் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை பின்னறைக்குப் போய்த் திரையைப் போட்டான்.

அத்தை டீ டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றார். அவன் விளையாடும்போது அவர் எட்டிப் பார்ப்பதே கிடையாது. இன்று நின்றார்.

"அந்தக் குடைக்காரி என்ன பண்ணுவா மாப்பிள்ளை? சும்மா நடந்துட்டே இருப்பாளா?"

"ஆமா அத்தை. ஊருக்குள்ள ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான். வருவாங்க, போவாங்க. ஊர் மாதிரி தெரியறதுக்காக."

"யாராவது பின்னாடியே போய், அவ என்ன பேசறான்னு நின்னு கேப்பாங்களா?"

"சான்ஸே இல்ல. இந்த விளையாட்டுல யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. இடிச்சுத் தள்ளிட்டுப் போய்ட்டே இருப்பாங்க."

"அப்ப சரி" என்றார் அத்தை.

அந்த ‘அப்ப சரி’ அவன் காதில் ஒரு மாதிரி விழுந்தது. குரலை வைத்துச் சாப்பிடுகிறவர் அவர், எந்த வார்த்தைக்கு எவ்வளவு மூச்சு என்று அளந்து பேசுகிறவர். இந்த இரண்டு வார்த்தைக்கு மூச்சு கூடுதலாகச் செலவாகியிருந்தது.

பதினொரு மணிக்கு அவர் கிளம்பினார். தெருமுனையில் முழங்கால் பயிற்சி, அதை முடித்துவிட்டு ஒரு ஸ்டுடியோ. "லிப்டுக்குப் பேசணும். ‘கதவு மூடுகிறது.’ அஞ்சு நிமிஷ வேலை, ஒரு மணி நேரம் உக்கார வெச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை எழுத உட்கார்ந்தான். நல்லதை எழுதுவது சுலபமாக இருந்தது. அந்த நகரத்தை உருவாக்கியவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. மழை வந்தால் சாக்கடை நிரம்பி ரோட்டுக்கு வருகிறது. செருப்புக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது பாதியில் மாட்டிக்கொள்கிறது, முழங்காலால் ஓர் இடி இடித்து ஏற்றுகிறார். ஒவ்வொரு காருக்கும் தனி கனம், தனி முனகல். எங்கேயும் போகலாம், எந்தப் படியிலும் ஏறலாம்.

கோளாறும் இல்லாமல் இல்லை. கதாநாயகன் நெட்டையன் சிறையிலிருந்து வெளியே வந்தவன், திருந்தி வாழ நினைப்பவன். ஒரு காட்சியில் அம்மாவின் கல்லறை முன்னால் விம்மி விம்மி அழுகிறான். கண்ணீர் காய்வதற்குள் அடுத்த வேலையில் நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளுகிறான். எங்கேயும் போகலாம் என்று சொன்ன விளையாட்டு, வேலை ஒன்றை ஒப்புக்கொண்டதும் கயிறு கட்டி இழுக்கிறது. ஒரு தெரு தள்ளிப் போனால் ‘தோல்வி’ என்று திரை இருண்டுவிடும். மழை வந்தால் லாரிக்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது. என்ன குற்றம் செய்தாலும் பாலத்துக்கு அடியில் மூன்று நிமிஷம் ஒளிந்திருந்தால் போதும், போலீஸ் மறந்துவிடும். செத்தவர்கள் மறுநாள் காலையில் அதே இடத்தில் நடந்துவருவார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு விரலைச் சொடுக்கினான். ‘அப்ப சரி’ மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

நெட்டையனைப் படுக்கையில் படுக்கவைத்து விளையாட்டில் பொழுது விடியச் செய்தான். நேற்று குடைக்காரியை இடித்த இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி இறங்கினான். துப்பாக்கியை உள்ளே வைத்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றான்.

குடைக்காரி செருப்புக் கடை ஓரமாக வந்தாள். பழுப்பு மேல்கோட்டு, தோளில் பை. தூறல் விழுந்ததும் குடையை விரித்தாள். ரொம்பப் பக்கத்தில் போனால் "என்ன வேணும் உங்களுக்கு" என்று முறைத்துவிட்டு வேகமாக நடந்தாள். பத்தடி தள்ளியே போனான். பாலத்தின் நடுவில் அவளுடைய போன் அடித்தது.

"நான்தான் பேசறேன்" என்றது அத்தையின் குரல்.

கொஞ்சம் இடைவெளி. எதிர்முனையில் யாரோ பேசுவதுபோல.

"சாப்பிட்டியா? சும்மாதான் பேசறேன். இல்ல, சும்மா இல்ல. வெச்சிடாத."

இடைவெளி.

"சின்னு, அன்னைக்கு ஸ்டுடியோலேர்ந்து போன் வந்துதே, அது எனக்கு வரல. உனக்கு வந்துது. நீ குளிச்சிட்டிருந்தே, நான் எடுத்தேன். நாயகி குரலுக்கு உன்னைத்தான் கேட்டாங்க. உனக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேசறதுக்குப் பத்து நாள் ஆகும்னு சொன்னேன். வேணும்னா நான் வரட்டுமான்னு கேட்டேன்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"திட்டேன். ஏதாவது சொல்லேன்."

இந்த இடைவெளி ரொம்ப நீளம்.

"சரி, மழை வலுக்குது. வெச்சிடறேன்."

குடைக்காரி போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பாலத்தைத் தாண்டிப் போனாள்.

மாப்பிள்ளை கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்தான். முதுகுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினான். மனைவி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள்.

"மெஷின் ரிப்பேர். அரை நாள் லீவு விட்டுட்டாங்க" என்றாள். பிறகு, "தொண்டை கட்டியிருக்குன்னு யார் சொன்னா? அது எங்கம்மாதானே? முதல்லேர்ந்து போடு."

"இது வீடியோ இல்லம்மா, நினைச்ச உடனே திருப்பிப் போட. மறுநாள் காலைலதான் அவ வருவா."

"எந்த மறுநாள்?"

"விளையாட்டுல."

நெட்டையன் மறுபடி படுத்து எழுந்தான். அவள் நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குடைக்காரி வந்தாள், தூறல் விழுந்தது, போன் அடித்தது. "அன்னைக்கு ஸ்டுடியோலேர்ந்து" என்று தொடங்கும்போது ஒரு லாரி நிலைதடுமாறி நடைபாதையில் ஏறியது. ‘ஐயோ அம்மா’ என்ற அலறலோடு குடை தனியாகப் பறந்தது.

காலையில் இதைப் பார்க்கத்தான் அவள் அடம்பிடித்தாள். இப்போது சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

மூன்றாவது காலையில் லாரி வரவில்லை. முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், திரும்பவும் கழற்றினாள்.

"எழுதிக் கொடுத்ததைப் படிச்சிருப்பாங்களோ" என்றான் அவன், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"எழுதறவங்களுக்கு சின்னுங்கற பேர் எப்படித் தெரியும்?"



அத்தை வீட்டுக்குள் வந்தபோது மணி இரண்டரை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "லிப்டு மூடறதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தபடி வந்தவர், பின்னறை வாசலில் நின்றுவிட்டார். திரையில் பாலமும் மழையும் அப்படியே உறைந்திருந்தன.

"பின்னாடியே போய்க் கேட்டுட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"நீங்க விசாரிச்ச விதத்துலதான் கேக்கணும்னு தோணிச்சு."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. கால் வலிக்கும்." அத்தை உட்காரும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "இத்தனை வருஷமா நீ சொன்னது ஒண்ணு, இது ஒண்ணு. எதும்மா தெளிவு?"

"இதுதான்."

சுற்றிவளைப்பார், அழுவார், மாத்திரை கேட்பார் என்றெல்லாம் மாப்பிள்ளை எதிர்பார்த்தான். அத்தை நேராகவே சொன்னார்.

"ரெக்கார்டிங் ரூம்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. ரெண்டு நிமிஷம் போன்ல பேசற மாதிரி ஏதாவது பேசுங்க, எழுதி வெச்சதைப் படிச்சா உயிரே இல்லன்னா. நாலு நாளா அலறி அலறி உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல எனக்கு. வாயைத் திறந்தேன், இது வந்துடுச்சு. முடிச்ச கையோட அழிச்சிடுங்கன்னு கெஞ்சினேன். இதான் மேடம் வேணும்னு சொல்லிட்டா."

"சித்திக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எனக்கு அந்த வேஷம் எப்படிக் கிடைச்சுதுன்னு அவ ஒரு வார்த்தை கேக்கல. எட்டு மாசம் கழிச்சு ஒருநாள் பெட்டியைக் கட்டிட்டா. காரணம் சொல்லல. உங்கப்பாகூட, தடுக்காத, போகட்டும்னார். நாலு பேர் கேட்டப்ப நான்தான் பொறாமைன்னு ஒரு காரணம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாயிடுச்சு."

"எனக்கு அப்ப பதினேழு வயசு" என்றாள் மகள். "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் எங்கம்மா குரல் எங்கம்மா குரல்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"என் கல்யாணத்துக்கு முன்னாடி சித்திக்கு மெசேஜ் அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எங்கம்மா குரலைப் பார்த்து வயிறு எரியறவங்க என் கல்யாணத்துக்கு வர வேண்டாம்னு. அதுல ஒரு எழுத்துப் பிழை இருந்துது. நீதாம்மா திருத்திக் கொடுத்தே."

மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் இருக்கவே கூச்சமாக இருந்தது. எழுந்து போகவும் முடியாது, வழியை மறித்து மாமியாரின் நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் யாரோ உதறி உதறித் துணி உலர்த்துவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மனைவி போனை எடுத்து, தேடி, அம்மா எதிரில் நீட்டினாள். "இது அவங்க அனுப்பின பதில். நான் உனக்குக் காட்டல."

அத்தை போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். ‘சரிடா கண்ணு. நல்லா இரு.’ அவ்வளவுதான் இருந்தது. ஒரு வரியைப் படிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அப்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஆசிரியை.

"நாலு மணி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த கேம்ல என் மாமியார் பேசியிருக்காங்க. எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

எதிர்முனையில் பேனா தட்டுகிற சத்தம். "என்னவா பேசியிருக்காங்க?"

"ரோட்ல போறவங்களா."

"முதல் வரியிலேயே அதைச் சொல்லிடுங்க. மார்க் நீங்க போடாதீங்க, வேற ஆளை விளையாட வெச்சு நான் போட்டுக்கறேன். மத்தபடி நல்லதை நல்லதுன்னும் கெட்டதைக் கெட்டதுன்னும் எழுதுங்க." வைத்துவிட்டார்.

"அதையும் எழுதப் போறியா?" என்றாள் மனைவி. அம்மா எதிரில் ‘நீ’ வந்துவிட்டதை மூவரில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இல்ல. வேற எவ்வளவோ இருக்கு எழுத."

அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, வீட்டு விஷயத்தை விடுங்க. வேலையைச் சொல்லுங்க. நல்லா இருந்துதா?"

"இந்த அஞ்சு நாள்ல நான் கேட்டதுலயே அதுதான் அத்தை நல்லா இருந்துது."

"அப்ப எழுதுங்க. என் முப்பது வருஷத்துல நடிக்காம பேசினது அது ஒண்ணுதான்."

"ஊர்ல இருக்கறவங்க கேட்டு என்னம்மா ஆகப்போகுது?" என்றாள் மகள். கோபம் கொஞ்சம் இறங்கி, குரல் களைத்திருந்தது. "கேக்க வேண்டியவங்க கேக்கலையே."

அத்தை தலையை ஆட்டினார். "அவர் எழுதி முடிக்கட்டும். அதுக்குள்ள நான் முகம் கழுவிட்டு வரேன். அப்புறம் நீயே போடு போனை. என் நம்பர்னா எடுக்க மாட்டா."

அம்மாவும் மகளும் சமையலறைப் பக்கம் போனார்கள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தான். குறைகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஆனால் குறை சொல்கிற தொனிதான் இப்போது பிடிக்கவில்லை. மூன்று நிமிஷத்தில் மறந்துவிடும் போலீசைக் காலையில் கிண்டல் செய்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக யாரும் துரத்தாமல் ஒருத்தர் ஓடிக்கொண்டிருந்ததை மதியம்தான் பார்த்தான். அந்தக் கிண்டலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான்.

‘இந்த விமர்சகரின் மாமியார் இந்த விளையாட்டில் குரல் கொடுத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்’ என்று தொடங்கியது கட்டுரை. கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

‘இந்த விளையாட்டின் பெரிய குறை துப்பாக்கி இல்லை. சுட்ட பிறகு ஒன்றுமே ஆகாததுதான் குறை. ஒரு தவறு செய்தவனின் மறுநாள் எப்படி விடியும் என்று இந்த நகரத்தைக் கட்டியவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லப் பயந்துவிட்டார்கள். இதன் பெரிய பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டாவது பாலத்தருகே காலையில் குடையோடு ஒரு பெண் வருவாள். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் பின்னால் போங்கள். அவள் பேசுவதைக் கேளுங்கள். அவள் என்ன பேசுகிறாள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.’

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினான்.

கூடத்துக்கு வந்தான். அத்தை முகம் கழுவி, தலை வாரி, மைக் முன்னால் உட்காருவதுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மனைவி போனை மேஜையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எண்ணைத் தட்டினாள். ஆறு தடவை அடித்தது.

"ஹலோ" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை சட்டென்று அத்தையின் வாயைப் பார்த்தான். அவர் வாய் திறக்கவே இல்லை. அதே குரல், அதே மூச்சு. ஆனால் இதில் இன்னும் ஏதோ ஒன்று கூட இருந்தது. ஒரே ஒரு ஹலோவில், பேசுகிறவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்ததும், யாரோ என்ற ஆவலும், யாராக இருந்தாலும் சரி என்ற பிரியமும் கேட்டன. ஸ்டுடியோக்காரர்கள் ஏன் அன்று இவளைக் கேட்டார்கள் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

அவன் முகத்தை அத்தை கவனித்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

"சின்னு, அக்கா பேசறேன்."

எதிர்முனையில் குக்கரோ மிக்ஸியோ ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ அணைத்தார்கள்.

"சொல்லுக்கா."

அத்தை சொன்னார். விளையாட்டில் சொன்னதுபோல் அழகாக வரவில்லை. வார்த்தை தடுக்கியது, நடுவில் இருமல் வந்தது, பத்து நாள் என்பதை எட்டு நாள் என்று சொல்லிவிட்டுத் திருத்தினார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "அது உன்னோட இடம். நான் எடுத்துக்கிட்டேன். எடுத்ததும் இல்லாம உன்மேலயே பழியும் போட்டேன்" என்று முடித்தார்.

"தெரியும்" என்றாள் சின்னு.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். அந்த வாரமே தெரியும். சவுண்ட் இன்ஜினீயர் என்னை மார்க்கெட்ல பார்த்து, தொண்டை இப்ப எப்படி இருக்குன்னு விசாரிச்சார்."

அத்தை இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுமா எட்டு மாசம் என்னோட ஒரே வீட்ல இருந்தே? தினமும் ராத்திரி உக்காந்து எனக்கு வசனம் படிச்சுக் காட்டினியே?"

"முதல் ரெண்டு நாள் உன்னைக் கொன்னு போடலாம்னு இருந்துது. அப்புறம் டி.வி.ல கேட்டேன். நல்லாத்தான் பேசினே. சொல்லுவே, என்னைக்காவது வாயைத் திறந்து சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன். நீ சொல்லல. நானும் கேக்கல."

"அதான் போயிட்டியா?"

"அதுக்காக நான் போகலக்கா."

அத்தை மகளைப் பார்த்தார். மகள் புருஷனைப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குடி போனே?"

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டாள் போலிருக்கிறது.

"பாப்பா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் சித்தி" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கியாடா கண்ணு? உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அதைப் பத்தி நாம அப்புறம் பேசலாம், என்ன? இப்ப அந்த ஸ்பீக்கரை அணைச்சிட்டு போனை அம்மா கையில கொடு."

அவள் அணைத்தாள். போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து கணவனின் பக்கத்தில் நின்றாள்.

அத்தை போனைக் காதில் வைத்துக் கேட்டார். முதலில் ‘ம்’ கொட்டினார். பிறகு அதுவும் நின்றது. சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் படத்தின் பக்கம் அவர் தலை மெதுவாகத் திரும்பியது. அங்கிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.